உடைமரத்தட்டு மு வம்சம்

கொரியாவின் தென்கோடிக் கடற்கரையில் இருக்கும் சோல்மே என்ற சிற்றூருக்கு ஒரு நாளைக்கு மூன்று பேருந்துகள்தான் வரும், மூன்றிலும் சேர்த்துப் பத்துப் பேர் இறங்கினாலே அது விசேஷ நாள், அப்படிப்பட்ட ஊரில், சந்திரக் கணக்கின் பத்தாம் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, இருபத்தைந்து பேர் உட்காரக்கூடிய பதினொரு மணிப் பேருந்திலிருந்து நாற்பத்து மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, ஆண்கள் வெள்ளை அங்கிகளின் மடிப்பை நீவிவிட்டுக்கொள்ள, பெண்கள் காதை மூடித் தலையில் கட்டியிருந்த துணியின் முடிச்சைச் சரிபார்த்துக்கொள்ள, மு இசக்கியின் சமாதி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

கேட்கப்பட்டவர் ஊர்த்தலைவர் பார்க் கி-சொக். எழுபத்தொரு வயதில், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்ப்பதை ஓர் உத்தியோகமாகவே செய்துவந்தவர் அவர்.

“சமாதியா? அவ இப்பத்தான் காப்பி குடிச்சிட்டு ஃபேக்டரிக்குள்ள போனா,” என்றார்.

வந்தவர்களில் மூத்தவர், எண்பதைத் தாண்டிய மு ஹான்-யொல், மார்போடு அணைத்திருந்த நீலத் துணி மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த தடித்த வம்சப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தனக்கு மட்டும் தெரியும்படி விரித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டவராக, “சீக்கிரமே வந்துட்டோம் போல இருக்கு,” என்றார். தாங்கள் இசக்கியின் பதினான்காம் தலைமுறை என்றும், வருஷத்துக்கு ஒருமுறை முதல் தாயைக் கும்பிட வருபவர்கள் என்றும், இந்தத் தடவை வழியில் எங்கோ நானூறு வருஷம் பிசகிவிட்டது என்றும் அவர் சொன்னதை, பேருந்து அரை மணி நேரம் தாமதம் என்ற செய்தியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு, கி-சொக் அவர்களைக் கடற்பாசித் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்.

இசக்கி ரப்பர் கையுறையைக் கழற்றாமலே வெளியே வந்தாள். நாற்பத்தாறு வயது. தூத்துக்குடிப் பக்கம் உடைமரத்தட்டு என்ற உப்பளத்து ஊர்க்காரி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பலின் மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரான சோல்மேக்கு வந்தவள், எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டவள். பிள்ளை இல்லை. முப்பத்து நாலு வயதில் கட்டி என்று சொல்லிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள், ஆகையால் இனிமேல் பிறக்கவும் வழியில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்து மூன்று பேரும் தொழிற்சாலை முற்றத்தில் பாய் விரித்து, நெற்றி தரையில் படும்படி விழுந்து கும்பிட்டார்கள், எழுந்தார்கள், மறுபடியும் விழுந்தார்கள். அந்த நாட்டில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு கும்பிடு, செத்தவர்களுக்கு இரண்டு. இரண்டாவதை முடித்து நிமிர்ந்த பிறகுதான் ஹான்-யொலுக்கு உறைத்தது. “மன்னிக்கணும் அம்மா, பழக்கதோஷம்,” என்றார்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள் இசக்கி. என்ன பேசுவதென்று தெரியாதபோது சோல்மேயிலும் உடைமரத்தட்டிலும் கேட்கிற கேள்வி அதுதான். சாப்பிடவில்லை என்றார்கள்.

இந்த வம்சம் உண்டானது ஒரு விண்ணப்பப் படிவத்தில். புருஷன் போன மறு வருஷம் இசக்கி கொரியக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டாள், அதில் முதல் கட்டம் குடும்பப் பெயர், இரண்டாம் கட்டம் சொந்தப் பெயர். பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று எங்கே எழுதினாலும் இசக்கிக்கு முன்னால் வருவது இனிஷியல்தான், ஆகவே யோசிக்காமல் முதல் கட்டத்தில் ‘மு’ என்று எழுதினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணாடி போட்ட அதிகாரி பேனாவால் அதைத் தட்டிக் காட்டினார்.

“இது உங்க அப்பாவோட குடும்பப் பேரா?”

“அப்பா பேரோட முதல் எழுத்து. முத்தையா.”

“அப்ப அவருக்கு என்ன குடும்பப் பேரு?”

“அவருக்குச் ‘ச’. அவங்கப்பா பேரு சங்கிலி.”

“அவருக்கும் முன்னாடி?”

“அது யாருக்குத் தெரியும்? எங்க பக்கம் எழுத்து ஒரு தலைமுறையோட உதிர்ந்துரும்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க ஒட்டினா உதிராது. நல்லா யோசிச்சுக்குங்க,” என்றார். இசக்கி யோசித்துப் பார்த்தாள், வேறு எழுத்து எதுவும் அவளிடம் இல்லை. அடுத்த கட்டம் பூர்வ ஊர். கிம் என்றால் ஊருக்கு ஆயிரம் கிம், பார்க் என்றால் தெருவுக்கு நூறு பார்க், ஆகவே எந்த ஊர் கிம், எந்த ஊர் பார்க் என்று சொன்னால்தான் அங்கே ஆள் இன்னார் என்று தெரியும். முதல் ஆள் எந்த மண்ணில் கால் ஊன்றினாரோ அதுதான் வம்சத்தின் ஊர். புதிதாகக் குடியேறுகிறவர்கள் தாங்கள் இருக்கும் கொரிய ஊரைப் போட்டுவிடுவது வழக்கம். இசக்கியோ ‘சொந்த ஊர்’ என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து உடைமரத்தட்டு என்று எழுதினாள். கணினி மூன்று தடவை மறுத்து நாலாவது தடவை ஒத்துக்கொண்டது. இப்படியாக, ஒரே ஓர் ஆள் மட்டும் உள்ள உடைமரத்தட்டு மு வம்சத்துக்கு இசக்கி முதல் தாய் ஆனாள், ஆனவள் அதை அன்று மாலையே மறந்தும் போனாள்.

வந்தவர்களை ஊர்ப் பொதுக்கூடத்தில் உட்காரவைத்துக் கடற்பாசி சூப்பும் சோறும் போட்டார்கள். சோல்மேயில் ஆண்கள் எல்லோரும் பார்க், அவர்களுக்கு ஆக்கிப் போடுகிற பெண்களில் ஒருத்திகூடப் பார்க் இல்லை, ஏனென்றால் அந்த நாட்டில் கல்யாணம் ஆனாலும் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. ஆகவே சோறு பரிமாறிய கைகளில் பல வம்சங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. பார்க்குகளின் முதல் ஆள் ஒரு கிணற்றடியில் வெள்ளைக் குதிரை மண்டியிட்டிருந்த இடத்தில் சுரைக்காய் அளவு முட்டையிலிருந்து வந்தவர் என்றார்கள். கிம் வீட்டுப் பெண், தங்கள் ஆள் காட்டில் மரக்கிளையில் தொங்கிய தங்கப் பெட்டிக்குள் இருந்தார், கீழே வெள்ளைச் சேவல் நின்று கூவியது என்றாள். யூன் வீட்டுப் பெண், குளத்தில் மிதந்து வந்த கல் பெட்டி என்றாள். தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, எங்கள் ஆள் நேராகத் தரையில் இருந்த குழியிலிருந்து ஏறி வந்தார் என்றாள். ஹோ வீட்டுப் பெண், தங்கள் முதல் தாய் கடல் கடந்து கப்பலில் வந்த ராணி, பத்துப் பிள்ளை பெற்று, இரண்டு பேருக்காவது என் பெயரைக் கொடு என்று ராஜாவிடம் கேட்டு வாங்கியவள் என்றாள்.

“உங்க வம்சத்துல எப்படி?” என்று இசக்கியைக் கேட்டாள் ஊர்த்தலைவரின் மனைவி சோய் புன்-இ.

“தூத்துக்குடியிலேருந்து சென்னைக்கு ரயிலு. அங்கேருந்து பிளேன்.”

“முட்டைக்கு இது எவ்வளவோ தேவலாம்,” என்றாள் புன்-இ.

சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷப் பேருந்தில் அவர்கள் ஏறிப் போனார்கள். பைன் மரத் திருப்பம் வரைக்கும் வண்டி கனமாக இருந்தது, திரும்பின பிறகு லேசாகிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னார். இசக்கி உடைமரத்தட்டில் இருக்கும் தம்பி சுடலைமுத்துவுக்கு போன் போட்டு, பதினாலு தலைமுறை தள்ளி ஆட்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போன விவரத்தைச் சொன்னாள்.

“எத்தன பேரு வந்தாவ? சோறு போட்டியாக்கா?” என்றான் அவன்.

“நாப்பத்து மூணு. போட்டேன்.”

“எல்லாருக்கும் நம்ம அய்யா எழுத்தா?”

“எல்லாருக்கும். ஊர்ப் பேரையும் சொல்லுதாவ. உடைமரத்தட்டுன்னு நம்மளவிடத் திருத்தமாச் சொல்லுதாவ.”

“அய்யா திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் போனதே கிடையாதுக்கா,” என்று சொல்லிச் சுடலைமுத்து அழ ஆரம்பித்தான், இசக்கியும் அழுதாள்.

உயிரோடிருக்கிறவரையே பார்க்கக் கிடைத்த பிறகு சமாதிக்கு யார் போவார்கள்? மறு வருஷம் நூற்றிரண்டு பேர் வந்தார்கள், மூன்றாம் வருஷம் இருநூறைத் தாண்டிவிட்டது. ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. பேருந்துக்காரர்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கூடுதல் வண்டி விட்டார்கள், கழிப்பறைக்கு வரிசை எப்படி நிற்பது என்று அம்புக்குறி வரைந்தார்கள். கும்பிடு ஒன்றா இரண்டா என்பதைப் பற்றி ஒரு மாதம் வழக்காடி, உயிரோடிருப்பவளுக்கு ஒன்று என்பதும் நியாயம், கும்பிடுகிறவர்களின் கணக்கில் செத்து நானூறு வருஷம் ஆனவளுக்கு இரண்டு என்பதும் நியாயம், ஆகவே ஒன்றரை என்று முடிவானது. இரண்டாவது கும்பிடில் இடுப்பு வரை வளைந்து அப்படியே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊர்க்காரர்கள் சிலர் ஹான்-யொலை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், எனக்கு எப்போது சாவு, என் மகனுக்கு வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் ரொம்ப மரியாதையாக, “பார்க்குகள் எங்க புத்தகத்துல இல்லையே,” என்றார். அந்தப் பதில் ஊர்த்தலைவர் கி-சொக்கின் மனதில் தைத்தது. நாற்பது தலைமுறை பார்க் வம்சத்தின் கும்பிடும் அதே ஞாயிற்றுக்கிழமைதான், மலைமேல் இருக்கும் பெரிய சமாதிக்கு அன்று ஏறிப் போகிறவர்கள் அவரோடு சேர்த்து ஆறு கிழவர்கள், அதில் இரண்டு பேருக்கு முட்டி வலி.

இசக்கியின் சந்தோஷத்துக்குள் முதல் நாளே ஒரு முள் ஏறிவிட்டது, அது யாருக்கும் தெரியாது. சூப் பரிமாறக் குனிந்தபோது, ஹான்-யொலின் இடது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்குகிற இடத்தில், ஊசியால் குத்தின அளவுக்கு ஒரு பிறவித் துளை இருந்ததைப் பார்த்தாள். அவர் மகனுக்கும் இருந்தது. மடியில் தூங்கின குழந்தைக்கும் இருந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள், ஆண்களிலும் குழந்தைகளிலும் முக்கால்வாசிப் பேருக்கு அது இருந்தது. “எங்க வம்சத்து அடையாளம் அம்மா, ரெண்டு தலைமுறை ஒளிஞ்சாலும் மூணாவதுல வந்துரும்,” என்று ஹான்-யொல் பெருமையாகச் சொன்னார். கழிப்பறைக் கண்ணாடியில் இசக்கி தன் காதைப் பார்த்தாள், மழமழவென்று இருந்தது. அய்யாவுக்கும் கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது. இவர்கள் யாரையோ தேடி வந்து என்னிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தெரிந்தால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். அந்தப் பெண்கள் எல்லோரும் குளிருக்குக் காதை மூடித் துணி கட்டியிருந்ததைப் பார்த்தவள், தன் பையில் இருந்த சிவப்புப் பூப்போட்ட துணியை எடுத்து அதேபோலக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள், அன்றிலிருந்து அதை அவிழ்க்கவில்லை. கோடையில் வேர்த்து ஊற்றியது, தொழிற்சாலையில் காதுவலியா என்று கேட்டார்கள், ஆமாம் என்றாள்.

மூன்றாம் வருஷக் கும்பிடு முடிந்த பத்தாம் நாள், ஊர் கூடிக் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டார்கள். பொதுக்கூடத்து வாசலில் நானூறு முட்டைக்கோஸ்கள் உப்பில் ஊறிக் கிடந்தன, இதழ் இதழாக விரித்து மிளகாய் விழுதைத் தடவுகிற வேலை பெண்களுக்கு, அலசித் தூக்கிக் கொடுக்கிற வேலை ஆண்களுக்கு. முழங்கை வரை மிளகாயோடு இசக்கி குனிந்திருந்த நேரத்தில் துணியின் முடிச்சு நழுவித் தோளில் விழுந்தது. அந்தக் கையால் அதைத் தொட்டால் கண்ணும் போகும் காதும் போகும், ஆகவே அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோஸைத் தூக்கிக்கொண்டு வந்த கி-சொக் அவள் இடது காதைப் பார்த்தபடி நின்றார்.

“துளை இல்லையே,” என்றார்.

தூக்கி வந்த கோஸைக் கீழே வைக்காமலே மேலே பேசினார்.

“வர்றவங்க காதுலயெல்லாம் இருக்கு. உன் காதுல இல்ல. உனக்குக் கர்ப்பப்பையும் இல்லைன்னு ஊருக்கே தெரியும். யாரோ பெத்த பிள்ளைங்களைக் கூப்பிட்டு வச்சு மூணு வருஷமாக் கும்பிடு வாங்கியிருக்கே. வெக்கமா இல்ல?”

இசக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோய் புன்-இ, கையில் இருந்த கோஸின் கடைசி இதழையும் தடவி முடித்து, அதை ஜாடியில் வைத்து அமுக்கிவிட்டுப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க தாத்தா பேரென்ன?”

“பார்க் யொங்–”

“அது வம்சப் புத்தகத்துல. வீட்ல எப்படிக் கூப்பிட்டாங்க?”

கி-சொக் கோஸை மாற்றிப் பிடித்தார்.

“கல்லு,” என்றாள் புன்-இ. “வெறும் கல்லு. பார்க் வீட்டு விறகு பிளக்குற ஆளு. பேரு பதிய வந்தவன் குடும்பப் பேரு என்னன்னு கேட்டதும், தெரிஞ்ச ஒரே குடும்பப் பேரு எஜமான் பேருதான், அதைச் சொல்லிட்டாரு. அப்புறம் ஒரு காளையைக் கொடுத்து அந்தப் புத்தகத்துல ஒரு வரி வாங்கினாங்க. உங்கம்மா சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது. நாப்பது வருஷமா மலையேறிக் கும்பிடுறீங்களே, அந்த முட்டையிலேருந்து வந்தவரு என்னிக்காவது எழுந்து வந்து, நீ யாருடான்னு கேட்டாரா?”

மற்ற ஐந்து கிழவர்களும் தங்கள் தங்கள் கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீட்டிலும் அவரவர்க்கு ஒரு கல் இருந்திருக்கும். கி-சொக் கையில் இருந்ததைக் கொண்டுபோய் மறுபடியும் அலசினார், ஏற்கெனவே அலசினதுதான், ஆனாலும் ரொம்ப நேரம் அலசினார்.

புன்-இ தனக்காகப் பேசினது இசக்கிக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, முள் மட்டும் போகவில்லை. கல் செத்துப்போனவர், அவரிடம் யாரும் கேட்க முடியாது. இவளோ உயிரோடு உட்கார்ந்துகொண்டு, எண்பது வயதுக் கிழவர் மண்ணில் நெற்றி வைப்பதைத் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருஷம் அவர்கள் பாய் விரிப்பதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது, அவர்கள் போய்விட்டால் ஊருக்குத் திரும்பித் தம்பியோடு இருந்துகொள்வது என்று முடிவெடுத்தாள். எடுத்த பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு காலை, வேலைக்கு வந்தபோது தொழிற்சாலை கேட்டின் கொக்கியில், மீன் அடுக்குகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. கீழே கி-சொக் வீட்டு வெள்ளைச் சேவல் நின்றது. அது கூவவில்லை, சிந்திக்கிடந்த பாசித் துணுக்கைக் கொத்திக்கொண்டிருந்தது. யாரோ மீன் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து இசக்கி பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு டவலுக்கு நடுவில், பிறந்து இரண்டு நாள் இருக்கும், ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு முன்னால் இசக்கி அதன் இடது காதைப் பார்த்தாள். காதுக்கு முன்னால் அந்தத் துளை இருந்தது. அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

போலீஸ் வந்தது, தாயைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஊர் முழுக்க அந்தக் காதைப் பார்த்தது, பார்த்தவர்கள் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, டயபரும் பால் பவுடரும் மட்டும் இசக்கியின் வாசலில் வந்து குவிந்தன. பெண் குழந்தை. சங்கு என்று பொருள்படும் சோரா என்ற பெயரை வைத்தாள், ஊரில் அவள் அம்மா அவளுக்குப் பாலூட்டினது சங்கில்தான். குழந்தையை அவளே வைத்து வளர்க்கலாம் என்று நீதிமன்றம் சொல்ல ஆறு மாதம் ஆனது. பெயர் பதியப் போன இடத்தில் அதே கண்ணாடி அதிகாரிதான் இருந்தார். இசக்கி பேனாவை எடுத்து, பழக்கதோஷத்தில், தன் பிள்ளைக்குத் தன் பெயரின் முதல் எழுத்தைத்தானே போட வேண்டும் என்று ‘இ’ என்று எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். ‘இ’ என்று எழுதினால் அய்யா இன்றோடு உதிர்ந்துவிடுவார். அந்த இருநூறு பேரும் எந்த எழுத்தைச் சொல்லிக்கொண்டு பேருந்தில் ஏறி வருவார்கள்? புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி, ‘மு’ என்று எழுதினாள், அடுத்த கட்டத்தில் உடைமரத்தட்டு என்று எழுதினாள்.

“அந்த எழுத்து உங்களோட முடிஞ்சிரும்னு நினைச்சேன்,” என்றார் அதிகாரி.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்,” என்றாள் இசக்கி. கணினி முதல் தடவையிலேயே ஒத்துக்கொண்டது.

அந்த வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தொழிற்சாலை முற்றம் போதாது என்று பைன் மரச் சரிவில் இடம் பார்த்திருந்தார்கள், அங்கே புல் செதுக்கி, கல் பொறுக்கி, பாதை போட்டு வைத்திருந்தவர் கி-சொக், யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. இசக்கி சோராவை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் பாயை விரிக்கப் போனபோது கையை உயர்த்தினாள்.

“கொஞ்சம் நில்லுங்க. நான் ஒண்ணு சொல்லணும்.” துணியை அவிழ்த்தாள். நாலு வருஷமாக வெயில் படாத காதுகள் வெளுத்துப்போயிருந்தன. “எங்காதுல துளை இல்ல. உங்க ரத்தம் எங்கிட்டேருந்து வந்தது இல்ல. இந்தா முதுகுல தூங்குதாளே, இவகிட்டேருந்து வந்தது. இவளையும் நான் பெறல. நீங்க கும்பிட வேண்டிய ஆளு நான் இல்லன்னு மொத நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சே மறைச்சேன்.”

ஹான்-யொல் நீலத் துணியைப் பிரித்தார். இத்தனை வருஷமாகத் தன் பக்கமே வைத்துப் பார்த்த அந்த முதல் பக்கத்தை, முதல் தடவையாக அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் தாய், மு இசக்கி, காதில் துளை இல்லாதவர் என்று இருந்தது. அதற்குக் கீழே, இரண்டாம் தாய், மு சோரா, மீன் பெட்டியில் வந்தவர், துளை உள்ளவர்.

“தெரியுமா? முன்னாடியே?”

“ஆறு வயசுலயே மனப்பாடம் பண்ண வச்சிருவாங்க அம்மா.”

“பின்ன ஏன் சொல்லல? நாலு வருஷமா நான் தூங்கல!”

“முதல் தாய் கேட்டாத்தான் சொல்லணும்ங்கிறது வழக்கம். நீங்க கேக்கவே இல்லையே,” என்றார் ஹான்-யொல், நிஜமாகவே வருத்தப்பட்டு.

இசக்கிக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்து வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, இப்பக் கேக்குறேன். உங்க பொண்ணுங்க எல்லாரும் எதுக்குக் காதை மூடிக் கட்டியிருக்காங்க?” என்றாள்.

“முதல் தாய் கட்டியிருந்தாங்க. அதான் நாங்களும். காரணம் மட்டும் புத்தகத்துல இல்ல. குளிருக்குன்னு ஒரு கட்சி, உங்க நாட்டு வழக்கம்னு ஒரு கட்சி. இந்தச் சண்டையில வம்சமே ரெண்டு தடவை பிரிஞ்சு சேர்ந்திருக்கு.”

“உங்க பொண்ணுங்களைப் பாத்துத்தானய்யா நான் கட்டினேன்,” என்றாள் இசக்கி.

அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்து, விட்டுவிட்டார்.

“ஆனா காரணம் அது இல்ல,” என்றாள் அவள். “பயம். எனக்குன்னு வந்த ஒரே ஜனம் நீங்க. என் காதைப் பாத்துட்டுப் போயிருவீங்களோன்னு பயந்துதான் கட்டினேன்.”

ஹான்-யொல் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். “எழுதிக்கவா?”

இசக்கி சரிவின் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற கி-சொக்கைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதுங்க,” என்றாள்.

அவர் எழுதினார். எழுதினதை உரக்க வாசித்தார். பெண்கள் கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு வயதான அம்மாள் தலைத்துணியின் முடிச்சில் கை வைத்தாள், அவிழ்க்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவளோ அதை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினாள், அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லோரும் இறுக்கிக் கட்டினார்கள். கடற்காற்று நிஜமாகவே குளிராக இருந்தது. இசக்கி தன் சிவப்புப் பூப்போட்ட துணியை மறுபடியும் தலையில் கட்டி, அதன் முனையை இழுத்து முதுகில் இருந்த சோராவின் காதையும் சேர்த்து மூடினாள். அப்புறம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பாய்களை விரித்து, நெற்றி தரையில் படும்படி, உயிரோடிருக்கிறவர்களுக்கு உரிய ஒரு கும்பிடு போட்டார்கள், அந்த அரைக் கும்பிடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசிப் பாயின் ஓரத்தில், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டி இரண்டும் சத்தம் போட, கல்லின் பேரனும் குனிந்தார்.